தண்ணீர் கொதிக்கும்போது எது உடைகிறது?

அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. பாத்திரத்தின் அடியிலிருந்து பெரிய பெரிய குமிழிகள் கிளம்பி மேலே வந்து உடைகின்றன. அந்தக் குமிழிகளுக்குள் இருப்பது என்ன? பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கும்போது முதல் வகுப்பில் நான் கேட்கும் கேள்வி இதுதான். சிலர் காற்று என்பார்கள். கொஞ்சம் யோசிக்கிற பிள்ளைகள், தண்ணீர் என்பது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தது, சூடாக்கினால் இரண்டும் பிரியும், அதனால் குமிழிக்குள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருக்கும் என்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பதில் வருகிறது. நன்றாகப் படிக்கிறவர்களிடமிருந்தும் வருகிறது.

அப்படி நடந்தால் எந்த வீட்டிலும் சமையலறை மிஞ்சாது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வாயு, எரிகிற அடுப்புக்கு நேர்மேலே குமிழி குமிழியாகக் கிளம்பினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். குமிழிக்குள் இருப்பது தண்ணீர்தான். திரவமாக இருந்த அதே மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஆவியாக நிற்கின்றன. ஒரு மூலக்கூறுகூட உடைந்திருக்காது. 2000 டிகிரியைத் தாண்டிச் சூடாக்கினால்தான் நீராவியில் ஒரு சிறு பங்கு தானாகப் பிரியத் தொடங்கும்.

மூலக்கூறுக்குள் அணுக்களைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பு ஒன்று. ஒரு மூலக்கூறைப் பக்கத்து மூலக்கூறோடு ஒட்டவைக்கும் ஈர்ப்பு வேறொன்று. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் மேலே சொன்ன பதில் வருகிறது. எண்களை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். 18 கிராம் தண்ணீரை, அதாவது மூன்றரை தேக்கரண்டி அளவை, 100 டிகிரியில் முழுக்க ஆவியாக்க ஏறக்குறைய 41 கிலோஜூல் வெப்பம் போதும். அதே தண்ணீரில் உள்ள எல்லாப் பிணைப்புகளையும் உடைத்துத் தனித்தனி அணுக்களாக்க 920 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். இருபது மடங்குக்கும் அதிகம். கொதித்தல், உறைதல், கரைதல், உலர்தல், மணம் பரவுதல் என்று நாம் தினமும் பார்க்கிற பலவும் அந்த 41 கிலோஜூல் கணக்கில்தான் நடக்கின்றன.

முதலில் அந்தப் பெரிய விசையைப் பார்த்துவிடலாம். 1916-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பணியாற்றிய கில்பர்ட் நியூட்டன் லூயிஸ், ஒரு ஜோடி எலக்ட்ரான்கள் இரண்டு அணுக்களுக்கும் பொதுவாக இருக்க முடியும், அந்தப் பொது ஜோடிதான் பிணைப்பு என்று எழுதினார். அதுவரை ஓர் அணு எலக்ட்ரானைக் கொடுக்கும், இன்னொன்று வாங்கும் என்ற கணக்கு உப்புக்குச் சரியாக வந்தது. ஹைட்ரஜன் வாயுவுக்கு வரவில்லை. இரண்டும் ஒரே வகை அணுவாக இருக்கும்போது யார் யாருக்குக் கொடுப்பது? லூயிஸின் கருத்து அந்த முடிச்சை அவிழ்த்தது. 1919-ல் இர்விங் லாங்முயர் அதற்குப் பெயர் வைத்துப் பரப்பினார். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அது சகப்பிணைப்பு. இலங்கைப் பாடநூல்களில் பங்கீட்டு வலுப்பிணைப்பு. எனக்கு இரண்டாவது பெயர்தான் பிடிக்கும். பங்கீடு நடக்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

ஆனால் பங்கீடு ஏன் அணுக்களை ஒட்டவைக்க வேண்டும்? லூயிஸிடம் அதற்கு விடை இல்லை. 1927-ல் சூரிச்சில் இருந்த வால்டர் ஹைட்லர், ஃப்ரிட்ஸ் லண்டன் என்ற இரண்டு இளைஞர்கள் அப்போது புதிதாக வந்திருந்த குவாண்டம் இயக்கவியலைக் கொண்டு ஹைட்ரஜன் மூலக்கூறைக் கணக்கிட்டார்கள். இரண்டு அணுக்கருக்களுக்கு நடுவே எலக்ட்ரான்கள் அதிக நேரம் தங்கினால், இரண்டு கருக்களும் அந்த நடு இடத்தை நோக்கி இழுக்கப்படுகின்றன. மொத்த ஆற்றல் குறைகிறது. ரொம்ப நெருங்கினால் கருக்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. இழுப்பும் தள்ளலும் சமமாகும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்தத் தூரத்தில் நிற்கும் ஹைட்ரஜன் மூலக்கூறுகளை ஒரு மோல், அதாவது 2 கிராம் அளவுக்கு உடைக்க 436 கிலோஜூல் தேவை. அணுவுக்கு எட்டு எலக்ட்ரான் வேண்டும், அதனால் அது பங்கு போட ஆசைப்படுகிறது என்று வகுப்பில் சொல்கிறோம். நினைவில் வைக்க அது உதவும். ஆனால் அணுவுக்கு ஆசை கிடையாது. ஆற்றல் குறைகிற பக்கம் பொருள் சாய்கிறது, அவ்வளவுதான். இதைச் சொல்லாமல் எட்டு எலக்ட்ரான் விதியை மட்டும் மனப்பாடம் செய்யவைப்பது பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம் என்றே நினைக்கிறேன்.

பங்கீடு எப்போதும் சமமாக நடப்பதில்லை. இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுக்கு இடையே எலக்ட்ரான் ஜோடி சரிபாதியாக இருக்கும். ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே இருந்தால் ஆக்சிஜன் பக்கம் சாயும். எந்த அணு எவ்வளவு இழுக்கும் என்பதற்கு லைனஸ் பாலிங் 1932-ல் ஓர் அளவுகோல் தந்தார். அதில் ஃபுளோரின் ஏறக்குறைய 4.0, ஆக்சிஜன் 3.4, நைட்ரஜன் 3.0, கார்பன் 2.6, ஹைட்ரஜன் 2.2. இதைத்தான் எலக்ட்ரான் கவர்தன்மை என்கிறோம். கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம்தான். ஆகவே எண்ணெய், மெழுகு, பெட்ரோல் போன்றவற்றில் அந்தப் பிணைப்புகளைச் சமமானவை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆக்சிஜன், ஹைட்ரஜன் இடையே வித்தியாசம் பெரிது. அங்கே ஆக்சிஜன் முனையில் சிறிது எதிர்மின்னூட்டமும், ஹைட்ரஜன் முனையில் சிறிது நேர்மின்னூட்டமும் தங்கிவிடும்.

இப்படி முனைகளில் மின்னூட்டம் தங்கிய பிணைப்பை முனைவுற்றது என்போம். பிணைப்பு முனைவுற்றது என்பதால் மூலக்கூறும் முனைவுற்றதாக இருக்க வேண்டியதில்லை. இங்கேதான் வடிவம் வருகிறது. தேரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வடங்களையும் முன்பக்கமாகச் சற்று விரித்துப் பிடித்து இழுத்தால் தேர் நகரும். ஒரு வடத்தை முன்னுக்கும் இன்னொன்றைப் பின்னுக்கும் அதே பலத்தோடு இழுத்தால் தேர் நிலையை விட்டு அசையாது. கார்பன் டை ஆக்சைடில் இரண்டு ஆக்சிஜன்களும் கார்பனுக்கு இரு பக்கமும் நேர்க்கோட்டில் நின்று இழுக்கின்றன. இழுப்பு ஒன்றையொன்று கழித்துவிடுகிறது. தண்ணீர் மூலக்கூறு நேராக இல்லை. ஆக்சிஜனில் பிணைப்பில் சேராத இரண்டு எலக்ட்ரான் ஜோடிகள் இருக்கின்றன. அவையும் இடம் கேட்பதால் இரண்டு ஹைட்ரஜன்களும் 104.5 டிகிரி கோணத்தில் ஒரு பக்கமாக மடிந்து நிற்கின்றன. இரண்டு இழுப்புகளும் கூடி, மூலக்கூறுக்கே ஒரு நேர்முனையும் ஓர் எதிர்முனையும் வந்துவிடுகின்றன.

இந்த முனைவுத்தன்மையை அளக்கவும் முடியும். பீட்டர் டிபை அதற்கு வழி கண்டார்; 1936-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். இந்த அளவை இருமுனைத் திருப்புத்திறன் என்கிறோம்; அதன் அலகுக்கே டிபை என்று பெயர். தண்ணீருக்கு 1.85 டிபை, அம்மோனியாவுக்கு 1.47, கார்பன் டை ஆக்சைடுக்கு பூஜ்யம். மூலக்கூறைக் கண்ணால் பார்க்க வழியில்லாத காலத்தில், தண்ணீர் வளைந்தது, கார்பன் டை ஆக்சைடு நேரானது என்று சொல்ல இந்த அளவுகள் கைகொடுத்தன.

முனைவுற்ற மூலக்கூறுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஒன்றின் நேர்முனை இன்னொன்றின் எதிர்முனையை இழுக்கும். இது எளிதில் புரிகிறது. புரிந்த வேகத்தில் மாணவர்கள் இன்னொரு முடிவுக்கும் போய்விடுகிறார்கள்: முனைவுற்றது என்றால் ஈர்ப்பு அதிகம், ஆகவே கொதிநிலையும் அதிகம். சரி, குளோரோஃபாமையும் கார்பன் டெட்ராகுளோரைடையும் எடுத்துக்கொள்வோம். குளோரோஃபாம் முனைவுற்றது, அது கொதிப்பது 61 டிகிரியில். கார்பன் டெட்ராகுளோரைடில் நான்கு குளோரின்களும் நான்கு பக்கமும் சமமாக இழுப்பதால் அதன் திருப்புத்திறன் பூஜ்யம். அது கொதிப்பது 77 டிகிரியில்! ஹைட்ரஜன் குளோரைடு, புரோமைடு, அயோடைடு என்ற வரிசையில் முனைவுத்தன்மை குறைந்துகொண்டே போகிறது. கொதிநிலையோ மைனஸ் 85, மைனஸ் 67, மைனஸ் 35 என்று ஏறிக்கொண்டே வருகிறது.

அப்படியானால் முனைவே இல்லாத மூலக்கூறுகளை எது ஒட்டவைக்கிறது? ஏதோ ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஹீலியத்தைக்கூட மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகிறது. வாயு மூலக்கூறுகளுக்கு இடையே ஈர்ப்பு உண்டு என்று நெதர்லாந்தின் வாண்டர் வால்ஸ் 1873-லேயே தன் ஆய்வேட்டில் சொல்லிவிட்டார். காரணம் 1930-ல்தான் தெளிவாயிற்று. சொன்னவர் அதே ஃப்ரிட்ஸ் லண்டன். மூலக்கூறுக்கு உள்ளே இருக்கும் பிணைப்பை விளக்கியவரே மூன்று ஆண்டுகளில் வெளியே இருக்கும் ஈர்ப்பையும் விளக்கிவிட்டார். இந்தத் துறையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

லண்டனின் விளக்கத்தை எளிமையாகச் சொல்கிறேன். அணுவைச் சுற்றியிருக்கும் எலக்ட்ரான் மேகம் அசையாமல் நிற்பதில்லை. ஒரு கணத்தில் ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாக இருக்கும், அடுத்த கணத்தில் மறுபக்கம். சராசரி எடுத்தால் முனைவு பூஜ்யம். ஆனால் அந்தந்தக் கணத்தில் ஒரு தற்காலிக முனைவு உண்டு. அது பக்கத்து அணுவின் மேகத்தையும் தனக்கு ஏற்றபடி சாய்க்கிறது. இரண்டு மேகங்களும் சேர்ந்து ஆடுகின்றன, ஈர்ப்பு பிறக்கிறது. எலக்ட்ரான்கள் அதிகமாகவும் இளக்கமாகவும் இருந்தால் மேகம் எளிதில் சாயும், ஈர்ப்பும் கூடும். குளோரின் வாயுவாகவும், புரோமின் திரவமாகவும், அயோடின் திடப்பொருளாகவும் அறை வெப்பத்தில் இருப்பதற்கு இதுவே காரணம். மூன்றிலும் முனைவு இல்லை. எலக்ட்ரான்களின் எண்ணிக்கைதான் கூடுகிறது.

வீட்டில் இருக்கும் எரிபொருள்களை வரிசையாக வைத்தாலும் இது தெரியும். மீத்தேனில் ஒரு கார்பன், கொதிநிலை மைனஸ் 161 டிகிரி. சமையல் கேஸ் சிலிண்டரில் இருக்கும் புரோப்பேனில் மூன்று கார்பன், மைனஸ் 42. அதோடு கலந்திருக்கும் பியூட்டேனில் நான்கு, ஏறக்குறைய பூஜ்யம். அதனால்தான் சிலிண்டருக்குள் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தாலே இவை திரவமாகிவிடுகின்றன. குலுக்கினால் தளும்புவது கேட்கும். ஐந்து கார்பனைத் தாண்டினால் பெட்ரோல், அப்புறம் மண்ணெண்ணெய், இருபது கார்பனுக்கு மேல் போனால் மெழுகுவத்தி. பிணைப்புகள் எல்லாவற்றிலும் ஒரே வகைதான். சங்கிலி நீள நீளப் பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டிக்கொள்ளும் பரப்பு கூடுகிறது.

நீளம் மட்டும் போதாது, வடிவமும் வேண்டும் என்பதைத் தேங்காய் எண்ணெய் காட்டிக்கொடுக்கிறது. மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கும். பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் அப்படியே ஓடும். இரண்டும் ஒரே குடும்பம். கிளிசரினோடு மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் சேர்ந்த மூலக்கூறுகள் இரண்டிலும் இருக்கின்றன. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், 12 கார்பன். நல்லெண்ணெயில் பெரும்பகுதி 18 கார்பன் கொண்ட ஒலியிக், லினோலியிக் அமிலங்கள். நீளத்தை மட்டும் பார்த்தால் நல்லெண்ணெய்தான் முதலில் உறைய வேண்டும். ஆனால் ஒலியிக் அமிலச் சங்கிலியின் நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது; லினோலியிக்கில் இரண்டு. அந்த இடத்தில் சங்கிலி முழங்கையைப் போல மடங்கி நிற்கிறது. லாரிக் அமிலத்தில் மடிப்பே இல்லை. நேரான தென்னை ஈர்க்குகளை ஒன்றுசேர்த்துக் கட்டினால் விளக்குமாறு இறுக்கமாக வரும்; மடிந்த குச்சிகளைக் கட்டிப் பாருங்கள், நடுவில் ஓட்டையாக நிற்கும். நேர்ச்சங்கிலிகள் நெருங்கி அடுக்குவதால் 24 டிகிரி வாக்கிலேயே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுகிறது.

உறைந்த எண்ணெயைப் பார்த்துவிட்டுக் கலப்படமோ என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். உறைந்தபோது ஒரு பிணைப்புகூட மாறவில்லை; வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் பழையபடி ஆகிவிடும். வனஸ்பதியின் கதை வேறு. அங்கே தாவர எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகளில் ஹைட்ரஜனைச் சேர்த்து மடிப்பை நிமிர்த்துகிறார்கள். உள்ளே உள்ள சகப்பிணைப்பு மாறியதால் வெளி ஈர்ப்பு கூடி, எண்ணெய் கெட்டியாகிறது. அரைகுறையாகச் செய்யும்போது சில இரட்டைப் பிணைப்புகள் போகாமல் திசைமாறி நின்றுவிடுகின்றன. அவையும் கிட்டத்தட்ட நேராகவே இருக்கும். இதயத்துக்குக் கெடுதல் என்று சொல்லப்படும் டிரான்ஸ் கொழுப்பு அதுதான். இந்தியாவில் 2022 முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி.

இனி தண்ணீருக்குத் திரும்புவோம். தனிம அட்டவணையில் ஆக்சிஜனுக்குக் கீழே கந்தகம், செலினியம், டெலூரியம். இவை ஹைட்ரஜனோடு சேர்ந்த பொருள்களில் டெலூரியத்தினுடையது மைனஸ் 2 டிகிரியில் கொதிக்கிறது, செலினியத்தினுடையது மைனஸ் 41-ல், கந்தகத்தினுடையது மைனஸ் 60-ல். மூலக்கூறு சிறிதாகச் சிறிதாகக் கொதிநிலை இறங்குகிறது. லண்டன் விசைக்கு இது பொருத்தமே. இதே போக்கில் போனால் தண்ணீர் மைனஸ் 80 டிகிரிக்குப் பக்கத்தில் கொதித்துப் போயிருக்க வேண்டும். பூமியில் ஒரு சொட்டுக்கூடத் திரவமாக இருந்திருக்காது. ஆனால் அது 100 டிகிரி வரை பிடித்து நிற்கிறது.

காரணம், ஹைட்ரஜனின் ஏழ்மை. அதனிடம் இருப்பது ஒரே எலக்ட்ரான். அதை ஆக்சிஜன் தன் பக்கம் இழுத்துக்கொண்டால் ஹைட்ரஜனின் அணுக்கரு வெளிப்பக்கம் ஏறத்தாழப் போர்வையில்லாமல் நிற்கிறது. பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனில் சும்மா இருக்கும் எலக்ட்ரான் ஜோடி அதற்கு மிக அருகில் வர முடிகிறது. ஆக்சிஜன், நைட்ரஜன், ஃபுளோரின் போன்று சிறிதாகவும் இழுப்பு அதிகமாகவும் உள்ள அணுக்களிடம்தான் இது வலுவாக நடக்கும். 1920-ல் பெர்க்லியில் லாட்டிமர், ரோட்புஷ் இருவரும் இதைத் தெளிவாக எழுதினார்கள். ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர் நிலைத்தது. இந்தப் பெயர்தான் மாணவர்களைத் தடுமாறவைக்கிறது. தண்ணீரில் ஹைட்ரஜன் பிணைப்பைக் காட்டு என்று கேட்டால், மூலக்கூறுக்குள் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் சேர்க்கும் கோட்டைக் காட்டுவார்கள். அது சகப்பிணைப்பு, வலு மோலுக்கு 460 கிலோஜூலுக்கு மேல். ஹைட்ரஜன் பிணைப்பு இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளுக்கு இடையில், படத்தில் புள்ளிக்கோடாக வரையப்படுவது. வலு 20 கிலோஜூல் வாக்கில். கொதிக்கும்போது உடைவது இந்தப் புள்ளிக்கோடுகள்.

ஃபுளோரின் ஆக்சிஜனைவிட அதிகமாக இழுக்கிறதே, அப்படியானால் ஹைட்ரஜன் ஃபுளோரைடுதானே தண்ணீரைவிட அதிக வெப்பத்தில் கொதிக்க வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. தனியாக எடுத்தால் அதன் ஹைட்ரஜன் பிணைப்பு வலுவானதுதான். ஆனால் அது கொதிப்பது 20 டிகிரிக்குச் சற்றுக் கீழே. அந்த மூலக்கூறில் கொடுக்க ஒரு ஹைட்ரஜன், வாங்க மூன்று எலக்ட்ரான் ஜோடிகள். வாங்கக் காத்திருக்கும் கைகளில் பாதிக்கு மேல் வெறுங்கையாகவே நிற்கும். அம்மோனியாவில் நேர்மாறு: கொடுக்க மூன்று, வாங்க ஒன்று. தண்ணீரில் கொடுக்க இரண்டு, வாங்க இரண்டு. கணக்கு அப்படியே நேராகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பக்கமும் கை கோத்து நிற்க முடிகிறது. பனிக்கட்டியில் இந்த நான்கு கைகளும் குறிப்பிட்ட திசைகளில் நீட்டியபடி இறுகுவதால் நடுவில் வெற்றிடம் விழுகிறது. ஆகவே அது மிதக்கிறது, ஃப்ரீசரில் தண்ணீர் நிரப்பி வைத்த கண்ணாடி பாட்டிலையும் விரிசல் விடவைக்கிறது.

மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதே கைகள் விடுபடுவதால்தான். பானையின் நுண்துளை வழியே கசிந்து ஆவியாகும் ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்துப் பிடிகளை அறுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கான ஆற்றலை உள்ளே இருக்கும் தண்ணீரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 290 கிலோஜூல் போதும். அந்த ஒரு லிட்டரும் ஆவியாகிப் போக 2,200-க்கு மேல் வேண்டும். பானைக்கு வெளியே கொஞ்சம் ஆவியானாலே உள்ளே நிறையக் குளிர்ந்துவிடும் என்பது இதிலிருந்தே தெரியும்.

இவ்வளவு நேரம் மூலக்கூறுகள் தனித்தனியாக இருக்கும் பொருள்களைப் பார்த்தோம். எல்லாப் பொருளும் அப்படி இல்லை. கார்பன் டை ஆக்சைடு மைனஸ் 78 டிகிரியிலேயே திட நிலையிலிருந்து ஆவியாகிவிடுகிறது. அட்டவணையில் கார்பனுக்கு நேர்கீழே இருக்கும் சிலிக்கானின் டை ஆக்சைடு, அதாவது சுத்தமான ஆற்றுமணல், உருகவே 1,700 டிகிரி வேண்டும். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பிணைப்பின் வலு அல்ல. மணலில் தனி மூலக்கூறு என்றே ஒன்று கிடையாது. ஒரு மணல்துகள் முழுவதும் சகப்பிணைப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. உருக்க வேண்டுமானால் அதையே உடைக்க வேண்டும். பீரோவில் போட்ட அந்துருண்டை சில மாதங்களில் கரைந்து காணாமல் போவது இதற்கு எதிர் முனை. நாப்தலின் மூலக்கூறுகள் முழுசு முழுசாக, ஒரு பிணைப்பும் உடையாமல், ஒன்றை விட்டு ஒன்று பிரிந்து காற்றில் போய்விடுகின்றன. வாசனை வருகிறது என்றால் மூலக்கூறே மூக்குக்குள் வந்துவிட்டது என்று பொருள்.

எண்ணெயும் தண்ணீரும் ஒன்றுக்கொன்று ஆகாதவை என்று சொல்லுவோம். ஒன்றையொன்று தள்ளுகின்றன என்று அதற்குப் பொருள் கொண்டால் தவறு. எண்ணெய் மூலக்கூறுக்கும் தண்ணீர் மூலக்கூறுக்கும் இடையே ஈர்ப்பு உண்டு. தண்ணீர்மேல் விட்ட ஒரு சொட்டு எண்ணெய் படர்வதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் தண்ணீர் மூலக்கூறுகளுக்குள் இருக்கும் பிடி அதைவிட மிக இறுக்கம். நடுவே எண்ணெய் வந்தால் அந்தக் கைகோப்பு கெடுகிறது. அதனால் தண்ணீர் தனக்குள் சேர்ந்துகொண்டு எண்ணெயை ஒதுக்கிவிடுகிறது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினும் எண்ணெய்ப் பக்கம் சேர்ந்த மூலக்கூறுதான். காரம் ஏறிவிட்டால் தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் அடங்காது; தயிரோ பாலோ குடித்தால் அடங்கும். அவற்றில் உள்ள கொழுப்பும் கேசின் புரதமும் அதைப் பிடித்துக்கொண்டு போகின்றன. சீயக்காயில் இருக்கும் சபோனினுக்கு ஒரு பக்கம் தண்ணீரோடு சேரும் சர்க்கரைப் பகுதி, மறுபக்கம் எண்ணெயோடு சேரும் பகுதி. தலையில் இருக்கும் எண்ணெயைத் தண்ணீரில் ஏற்றி அனுப்ப அந்த இரட்டைக் குணம் தேவைப்படுகிறது.

இந்த இடத்தில் ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். தலைசீவிய பிளாஸ்டிக் சீப்பை மெல்லிய தாரையாக விழும் குழாய்த் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் தாரை வளையும். தண்ணீர் முனைவுற்றது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். நானும் பல ஆண்டுகள் காட்டியிருக்கிறேன். உண்மையில் தாரை வளைய முக்கியக் காரணம், சீப்பின் மின்னூட்டத்தால் விழும் தண்ணீரிலேயே எதிர் மின்னூட்டம் தூண்டப்படுவது. மூலக்கூறுகள் திரும்பி நிற்பதால் மட்டும் அவ்வளவு வளைவு வராது. முனைவுத்தன்மைக்கு நல்ல சான்று வேண்டுமென்றால் மைக்ரோவேவ் அடுப்பு இருக்கிறது. அதன் மின்புலம் நொடிக்கு 245 கோடி முறை முன்னும் பின்னுமாகத் திசை மாறுகிறது. தண்ணீர் மூலக்கூறுகள் அதோடு சேர்ந்து திரும்ப முயன்று, பக்கத்து மூலக்கூறுகளோடு உரசிச் சூடாகின்றன.

விசை சிறியது என்பதால் விளைவும் சிறிதாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் சுவரில் தலைகீழாக நிற்கும் பல்லியின் காலில் பசை கிடையாது. விரலுக்கு அடியில் ஆயிரக்கணக்கான நுண்மயிர்கள், ஒவ்வொரு மயிரின் நுனியிலும் நூற்றுக்கணக்கான பிரிவுகள். சுவரோடு அவ்வளவு நெருக்கமாகத் தொடும்போது வாண்டர் வால்ஸ் ஈர்ப்பே உடம்பைத் தாங்கப் போதுமானது என்று 2000-க்குப் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின.

சென்னைக்கும் இந்தக் கதையில் பெரிய இடம் உண்டு. 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்ற ஜி.என். ராமச்சந்திரன், தோலுக்கும் தசைநாணுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை ஆராய்ந்தார். 1954, 1955-ல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, மூன்று சங்கிலிகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்ட அமைப்பை முன்வைத்தார். மூன்று சங்கிலிகளும் நெருங்கும் நடுப்பகுதியில் இடமே இல்லை. எனவே ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் பக்கக் கிளையாக வெறும் ஹைட்ரஜனை மட்டும் கொண்ட கிளைசின் என்ற அமினோ அமிலம்தான் உட்கார முடியும். இதே புரதத்தை ஆராய்ந்த பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் இதில் குறை சொன்னார்கள்: ஒன்றோடொன்று பிணையாத அணுக்கள் சில இடங்களில் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள்.

அந்த விமர்சனம் வீண்போகவில்லை. பிணையாத இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு தூரம் நெருங்க முடியும் என்று ராமச்சந்திரனின் குழு அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளையெல்லாம் அலசிக் குறைந்தபட்சத் தூரங்களை வகுத்தது. ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 1963-ல் அவர் வெளியிட்ட கட்டுரை அதிலிருந்து பிறந்தது. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணங்களில் திரும்ப முடியும். எல்லாத் திருப்பங்களையும் ஒரு சதுரத்தில் வரைந்து, அணுக்கள் முட்டிக்கொள்ளும் இடங்களையெல்லாம் அடித்துவிட்டால் மிஞ்சுவது சில சிறு தீவுகள் மட்டுமே. சகப்பிணைப்புகள் எதையும் தொடாமல், வெறும் நெருக்கத்தை வைத்தே, புரதம் எப்படியெல்லாம் மடியலாம் என்று அந்தப் படம் சொல்லிவிட்டது. இன்றும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும் அதை ராமச்சந்திரன் வரைபடத்தில் போட்டுச் சரிபார்க்கிறார்கள்.

கொதிக்கும் தண்ணீரில் ஒரு முட்டையைப் போட்டால் இந்த இரண்டு வகை விசைகளையும் ஒரே பாத்திரத்தில் பார்த்துவிடலாம். வெளியே தண்ணீரின் ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்து ஆவி கிளம்புகிறது. உள்ளே 60 டிகிரியைத் தாண்டும்போதே, வெள்ளைக்கருவின் புரதங்களை மடித்து வைத்திருந்த ஹைட்ரஜன் பிணைப்புகளும் மற்ற மெல்லிய ஈர்ப்புகளும் தளர்கின்றன. மடிப்பு அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. சில இடங்களில் கந்தக அணுக்களுக்கு இடையே புதிய பிணைப்பும் விழுகிறது. கண்ணாடிபோல் இருந்த வெள்ளைக்கரு வெளுத்துக் கெட்டியாகிறது. அமினோ அமிலங்களைக் கோத்து வைத்திருக்கும் சகப்பிணைப்புகளுக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை, சங்கிலி முழுசாகவே இருக்கிறது. அதை வெட்டும் வேலை, நாம் முட்டையைத் தின்ற பிறகு, இரைப்பையில் பெப்சின் என்ற நொதி வந்து சேரும்போதுதான் தொடங்குகிறது.